எட்டுக்கல் வரிசை

மயிலாளுக்கு எதையும் முதல் பார்வையில் நம்பிப் பழக்கமில்லை. கடைக்காரர் பொறுக்கிப் போட்ட தக்காளியை வீட்டுக்கு வந்து மறுபடி ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்ப்பாள். டவுன் பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தவள் சும்மா சிரித்தால், இவள் எதற்குச் சிரிக்கிறாள் என்று இறங்கும்வரை யோசிப்பாள். உறவுக்காரர்கள் அதைக் குணக்கேடு என்றார்கள். திருப்பூரில் அதற்குத்தான் அவளுக்குச் சம்பளம் கொடுத்தார்கள்.

இருபத்துமூன்று வருடமாக ஒரே பனியன் கம்பெனியில் ஃபைனல் செக்கிங். ட்யூப்லைட்டுக்குக் கீழே மேசை, மேசைமேல் தைத்து முடித்த டி-ஷர்ட்டுகள். ஒவ்வொன்றையும் உள்ளே கைவிட்டு விரித்து, வெளிச்சத்துக்கு எதிரே பிடித்து, ஓட்டை, எண்ணெய்க் கறை, தையல் விட்ட இடம் எல்லாம் பார்க்க வேண்டும். தப்பு கண்ட இடத்தில் அம்புக்குறி போட்ட சின்னச் சிவப்பு ஸ்டிக்கரை ஒட்ட வேண்டும். மயிலாள் பார்த்து அனுப்பிய பெட்டி எதுவும், வாங்கும் வெளிநாட்டுப் பையரிடமிருந்து திரும்பி வந்ததில்லை. இப்போது அந்த மேசைகளுக்கெல்லாம் அவள்தான் இன்சார்ஜ். கைப்பையில் எப்போதும் ஸ்டிக்கர் சுருள் இருக்கும். வீட்டில் மிளகாய்த்தூள் டப்பாவிலேயே ஒருமுறை ஒட்டிவிட்டாள், மூடி சரியாகப் பொருந்தவில்லை என்று.

புரட்டாசி முடிந்து ஒரு செவ்வாய்க்கிழமை, ஆர்டர்களைக் கவனிக்கும் மெர்ச்சண்டைசிங்கில் புதிதாகச் சேர்ந்த ஒரு பெண் சாம்பிள் வாங்க அவள் மேசைக்கு வந்தாள். கழுத்தில் தொங்கிய கார்டை மயிலாள் பழக்கதோஷத்தில் படித்தாள். தமிழ்மதி எட்டுக்கல்.

கையிலிருந்த டி-ஷர்ட்டை மேசையில் போட்டுவிட்டாள்.

எட்டுக்கல் என்பது மயிலாளின் புகுந்த வீட்டுப் பெயர். தறிக்காரக் குடும்பங்களில் எல்லாருக்கும் இப்படி ஒரு வீட்டுப் பெயர் உண்டு. பெண் கேட்கும்போதும் சாவுக்குப் போகும்போதும்தான் அதைக் கேட்பார்கள், சொல்வார்கள். ஒரே வீட்டுப் பெயர் என்றால் பங்காளி. பங்காளி வீட்டுப் பிள்ளைகள் முகம் பார்த்திராவிட்டாலும் அண்ணன் தங்கைதான், கல்யாணம் என்ற பேச்சே கிடையாது. அதிலும் எட்டுக்கல் என்பது எங்கும் கேள்விப்படாத பெயர். வெள்ளகோவிலைச் சுற்றிப் பதினோரு குடும்பம் மட்டும். அந்தப் பதினோரு வீட்டுப் பெண்பிள்ளைகளையும் மயிலாள் விரல்விட்டுச் சொல்வாள். அதில் தமிழ்மதி என்று ஒருத்தி இல்லை.

"ஏங்கண்ணு, உங்கப்பா பேரென்ன?"

"ஆறுச்சாமிங்க அக்கா."

"எந்த ஊரு?"

"குண்டடமுங்க."

"பேருக்குப் பின்னால இருக்குதே, அது யாரு வெச்சது?"

"எங்கப்பா பேர்ல இருக்குதுங்க. பாஸ்போர்ட்டுக்கு சர்நேம் கேட்டாங்க, அதையே போட்டுட்டேன். ஏனுங்க அக்கா, நல்லால்லீங்களா?" என்று சிரித்தாள்.

இவள் எதற்குச் சிரிக்கிறாள் என்று மயிலாள் அன்று சாயங்காலம்வரை யோசித்தாள்.

இது இத்தோடு போயிருக்கும். ஆனால் அந்த ஞாயிற்றுக்கிழமை, எம்பிராய்டரி யூனிட்டில் வேலை செய்யும் அவள் மகன் சிவபிரகாஷ், சாப்பிட்டுக் கைகழுவிவிட்டு வந்து எதிரில் உட்கார்ந்தான். ஒரு பெண்ணைப் பிடித்திருக்கிறது என்றான். போனை நீட்டினான். மயிலாள் போட்டோவைப் பெரிதாக்கிப் பார்த்தாள். அதே சிரிப்பு.

"இது உனக்குத் தங்கச்சி முறைடா!"

"பேருதானம்மா ஒண்ணு. ஊரு வேற, ஆளு வேற."

"ஆளு வேறன்னா நம்ம பேரை எதுக்கு வெச்சிருக்கறாங்க? ஒண்ணு, பங்காளியா இருக்கோணும். இல்லீன்னா இரவல் பேரு. இரவல் பேர்ல திரியறவன் எதை மறைக்கறானோ?"

"அப்ப எப்படிப் பாத்தாலும் ரிஜெக்ட்டு."

"நானாடா சொல்றேன்? அந்தப் பேரு சொல்லுது."

சிவபிரகாஷ் கோபப்படவில்லை. "நீங்க வேண்டாம்னா கட்டிக்கலீங்கம்மா. ஆனா வேற யாரையும் கட்டிக்கவும் மாட்டேன்" என்றான். எழுந்து போய்த் தட்டைக் கழுவி வைத்தான். செத்துப்போன அவள் புருஷன் குமாரசாமியும் இப்படித்தான். எதையும் ஒரு தடவைதான் சொல்வார், சொன்னதை மாற்ற மாட்டார். ஒரே மகன். 

அடுத்த வாரம் லீவு போட்டுவிட்டு வெள்ளகோவிலுக்குப் போனாள். எட்டுக்கல்லாரில் மூத்தவர் சிவசுப்பிரமணியம் அங்கேதான் இருந்தார். அவளுக்கு மாமனார் முறை. பங்காளிகளின் பெயர் எழுதிய பழைய நோட்டு ஒன்று அவரிடம் இருந்தது. இப்போது அதோடு 'எட்டுக்கல் சொந்தங்கள்' என்று ஒரு வாட்ஸ்அப் குழுவும் நடத்தினார்.

"அறுபத்தொரு பேரு சேந்துட்டாங்க அம்மிணி" என்று போனைத் தள்ளித் தள்ளிக் காட்டினார். "இவரு தேவசகாயம், வாத்தியாரு. தெனமும் காத்தால பைபிள் வசனம் போடுவாரு. அதுக்குக் கீழயே ஈரோட்டுல பிரஸ் வெச்சிருக்கறவன், சாமியே இல்லைன்னு ஒரு பக்கத்துக்கு எழுதுவான். கெடா வெட்டுக்கு மட்டும் மொதப் பந்தியில உக்காருவான். இந்தப் புள்ளை கனடாவுல இருக்குது. இவன் காங்கயத்துல, மாட்டுப் பண்ணைக்கே எட்டுக்கல்லுன்னு போர்டு வெச்சிருக்கறான்."

"இவங்கெல்லாம் நெசமாவே நம்மாளுங்களா மாமா?"

"யாரு கண்டா? எட்டுக் கல்லுன்னா என்னன்னு கேட்டாலே ஆளுக்கொண்ணு சொல்றானுங்க. எல்லைக் கல்லுங்கறான் ஒருத்தன். தறிக்குழியில பதிச்ச கல்லுங்கறான் இன்னொருத்தன். எட்டு வீரனுக்கு நட்டு வெச்சதுன்னு வாத்தியாரு கட்டுரையே எழுதீட்டாரு." அவர் போனைக் கவிழ்த்து வைத்தார். "பேரை யாரு வேணா வெச்சுக்கலாம். சாவு விழுந்தா வரிசையில உக்காந்து முடி எறக்கறானே, அவந்தான் பங்காளி. நான் பாக்கறது அது ஒண்ணுதான்."

எட்டுக்கல்லார் வழக்கம் அது. பெரியவர் ஒருவர் இறந்தால் பங்காளி ஆண்கள் அத்தனை பேரும் வாசலில் வரிசையாக உட்கார்ந்து மொட்டை போட்டுக்கொள்வார்கள். மூத்தவர் ஒவ்வொரு தலையிலும் தண்ணீர் தெளித்துக்கொண்டே போவார். யார் யார் உட்கார்ந்தார்கள் என்று சிவசுப்பிரமணியம் நோட்டில் எழுதிக்கொள்வார்.

"குண்டடத்துல ஆறுச்சாமின்னு ஒருத்தருங்களாம். எட்டுக்கல்லுன்னு போட்டுக்கறாராம்" என்றாள் மயிலாள்.

பெரியவர் அவளை ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

"அவனை உனக்குத் தெரியாதா? உங்க மாமனார் வெள்ளியங்கிரி தறிக்கு நூல் சுத்த குப்பாயின்னு ஒரு பொம்பளை வந்துது. கைம்பொண்ணு. அதோட பையன். பள்ளிக்கூடத்துல சேக்கறப்ப உங்க மாமனாரே கூட்டிக்கிட்டுப் போயி, தன்ற ஊட்டுப் பேரைப் போட்டுச் சேத்தாரு."

"கூலிக்கு வந்தவ பையனுக்கு எதுக்குங்க மாமா தன்ற பேரு?"

"ஊரும் அதைத்தான் கேட்டுச்சு."

"ஊரு என்ன நெனச்சுது?"

"நீ இப்ப என்ன நெனைக்கறயோ அதைத்தான், அம்மிணி."

 ஆறுச்சாமி தன் மாமனாருக்கே பிறந்தவனாக இருந்தால், தன் மகனும் அந்தப் பெண்ணும் பெயரால் மட்டுமல்ல, ரத்தத்தாலேயே அண்ணன் தங்கை.

பெரியவர் நோட்டைப் புரட்டி வெள்ளியங்கிரி இறந்த பக்கத்தை எடுத்தார். பதினேழு பெயர்கள். பதினெட்டாவதாக ஒன்றை எழுதி, மேலே கோடு இழுத்து அடித்திருந்தது. உற்றுப் பார்த்தால் படிக்க முடிந்தது. ஆறுச்சாமி.

"எழுதுனேன். அப்பறம் அடிச்சுட்டேன். நீதான அவனை எழுப்பி உட்ட?"

பத்தொன்பது வருடத்துக்கு முந்தைய அந்தக் காலை அப்போதுதான் அவளுக்கு ஞாபகம் வந்தது. வாசலில் பங்காளிகள் வரிசை. கடைசியில், முகம் தெரியாத ஓர் ஆள் சட்டையைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு குனிந்து உட்கார்ந்திருந்தான். தலையில் தண்ணீர் தெளித்தாகிவிட்டது. நாவிதர் கத்தியை எடுத்துவிட்டார். கதவோரம் நின்றிருந்த மயிலாளுக்குப் பார்த்த உடனே சந்தேகம். முடி இறக்கிவிட்டு நாளைக்குத் தறிக்கூடத்தில் பங்கு கேட்டு வந்தால்? குமாரசாமியைக் கூப்பிட்டு, அத்தனை பேர் காதிலும் விழும்படி சொன்னாள்: "அது ஆருங்க? நம்ம பங்காளியே இல்லை. எந்திரிக்கச் சொல்லுங்க." குமாரசாமி தயங்கினார். அவர் வாயைத் திறக்கும் முன்பே அந்த ஆள் எழுந்துவிட்டான்.  நனைந்த தலையோடு தெருவில் இறங்கிப் போனான். எத்தனை வருடம் ஆகியும், ஒரு திருடனைக் கையும் களவுமாகப் பிடித்தது போலவே அதை அவள் நினைத்திருந்தாள்.

மகன் விஷயத்தைச் சொன்னாள். பெரியவர் நோட்டை மூடி வைத்தார்.

"ரத்தம் எனக்குத் தெரியாது. தெரிஞ்சவரு போய்ச் சேந்துட்டாரு. வழக்கத்தைக் கேட்டீன்னா, அவன் வரிசையில இல்லை. அதனால பங்காளி இல்லை. ஆனா பேரு இருக்குதே! பத்திரிகையில ரெண்டு பக்கமும் எட்டுக்கல்லுன்னு அடிச்சா ஒரு பங்காளி மண்டபத்துப் படி ஏற மாட்டான். நானும் வர மாட்டேன், சொல்லிப்புட்டேன். அவனைப் பேரை எடுக்கச் சொல்லு. இப்பத்தான் கெஜட்டுல போட்டா மாறிப்போகுதே."

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மயிலாள் குண்டடத்துக்குப் பஸ் ஏறினாள். ரத்தத்தைப் பற்றிக் கேட்க வேண்டும், ரத்த உறவு இல்லையென்றால் பெயரை எடுக்கச் சொல்ல வேண்டும். வழியெல்லாம் அதை எப்படிக் கேட்பது என்றே மனதுக்குள் ஓட்டிப் பார்த்தாள்.

ஆறுச்சாமி மோட்டாருக்குக் காயில் கட்டும் கடை வைத்திருந்தார். சுற்று வட்டாரத்தில் எந்தக் கிணற்று மோட்டார் புகைந்தாலும் அங்கேதான் வரும். செம்புக் கம்பியைச் சுற்றிக்கொண்டிருந்தவர் அவளைப் பார்த்ததும் எண்ணிக்கையை முடித்துவிட்டு எழுந்தார். தலை நரைத்திருந்தது. அதே குனிந்த தோள்.

"வாங்க. ஊட்டுக்குள்ள வாங்க. புள்ளை சொல்லுச்சு, வருவீங்கன்னு."

கடைக்குப் பின்னாலேயே வீடு. தமிழ்மதி வீட்டில் இல்லை. அவர் மனைவி டீ வைத்துவிட்டு உள்ளே போனாள். மயிலாள் டீயைத் தொடவில்லை.

"எங்க மாமனாரு உங்களுக்கு எதுக்குங்க பேரு குடுத்தாரு?"

இப்படி நேராகக் கேட்கக்கூடாது என்றுதான் வழியெல்லாம் நினைத்து வந்தாள். வாய் முந்திக்கொண்டது.

ஆறுச்சாமி பீரோவைத் திறந்து ஒரு பிளாஸ்டிக் கவரைக் கொண்டுவந்தார். உள்ளே இரண்டு பழைய காகிதங்கள். "மொதல்ல இதைப் பாருங்க" என்று ஒன்றைக் கொடுத்தார். குண்டடம் பள்ளிக்கூடத்தின் மாற்றுச் சான்றிதழ். ஒன்றாம் வகுப்பு முடித்தது. பெயர் சோ. ஆறுச்சாமி. தகப்பனார் சோணைமுத்து, காலமானவர். இன்னொன்று பத்தாம் வகுப்பு முடித்து வெள்ளகோவிலில் வாங்கியது. அதில் எட்டுக்கல் இருந்தது.

"எங்கப்பா கெணறு வெட்ட இந்தப் பக்கம் வந்தவருங்க. கெணத்துலயே போயிட்டாரு. அப்ப எனக்கு அஞ்சு வயசு. ஒரு வருசம் இங்கயே கூலி வேலை பாத்துட்டு, அப்பறந்தான் அம்மா வெள்ளகோயில் போச்சு. அங்க கிளாஸ்ல ஏற்கெனவே ரெண்டு ஆறுச்சாமி. ஊட்டுப் பேரு என்னன்னு எட்மாஸ்டர் கேட்டாரு. அம்மாவுக்குச் சொல்லத் தெரியலை. கூட வந்த உங்க மாமனாரு, 'நம்ம பேரையே போடுங்க சார்'னு சொல்லீட்டாரு. அவ்வளவுதானுங்க. நாங்க வரும்போதே எனக்கு ஆறு வயசு. ஊரு எதுக்கு அப்படிப் பேசுச்சுன்னு ஊரைத்தான் கேக்கோணும்."

மயிலாள் அந்த முதல் காகிதத்தை எடுத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் போனாள். வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தாள். சுரண்டி எழுதியிருக்கிறதா, மை வேறு வேறாக இருக்கிறதா, தேதி திருத்தப்பட்டதா, முத்திரை எழுத்துமேல் விழுந்திருக்கிறதா எழுத்துக்கு அடியில் இருக்கிறதா என்று பார்த்தாள். திருப்பிப் பின்பக்கமும் பார்த்தாள். பார்த்து முடிக்கட்டும் என்று ஆறுச்சாமி காத்திருந்தார். அவள் அப்படிப் பார்ப்பாள் என்று மகள் சொல்லியிருப்பாள் போல.

தப்பு எதுவும் இல்லை.

"உங்கப்பா என்ன ஆளுங்க?" என்றாள். இதையும் கேட்காமல் இருக்க முடியவில்லை.

"கெணறு வெட்டுன ஆளுங்க. மதுரைப் பக்கம்னு அம்மா சொல்லும். அதுக்கு மேல அதும் சொல்லலை, நானும் தோண்டலை."

மயிலாளுக்கு அந்தப் பதில் பிடிக்கவில்லை. இருந்தாலும் வந்த காரியத்தைச் சொன்னாள். பெரியவர் சொன்னதை அப்படியே ஒப்பித்தாள். பெயரை எடுத்துவிட்டால் யாரும் எதுவும் பேச மாட்டார்கள், பிள்ளைகள் ஆசைப்பட்டபடி முடித்துவிடலாம்.

ஆறுச்சாமி காகிதங்களை மறுபடி கவருக்குள் வைத்தார்.

"அது மட்டும் முடியாதுங்க."

"ஆறு எழுத்துதானுங்களே!"

"அன்னிக்கு வரிசையில இருந்து எழுப்புனீங்க. எந்திரிச்சுட்டேன். அது உங்க ஊட்டு வாசலு. இது அவரு எனக்குக் குடுத்தது. நோட்டுப் புஸ்தகம், துணிமணி எல்லாம் அவருதான் வாங்கித் தந்தாரு, அதெல்லாம் கிழிஞ்சு போச்சு. இது ஒண்ணுதான் கிழியாம இருக்குது. புள்ளையைக் கட்டிக்குடுக்கறதுக்காக இதைக் கழட்ட மாட்டேன். புள்ளைகிட்டயும் சொல்லீட்டேன்."

"அப்ப நீங்க பங்காளின்னு சொல்றீங்களா?"

"அப்படிச் சொன்னாக் கல்யாணம் நின்னு போகும். சொல்லலீங்க." அவர் தலையைத் தடவிக்கொண்டார். "முடி மட்டும் அன்னிக்கே எறக்கீட்டேன். காங்கயம் ரோட்டுல ஒரு சலூன். தண்ணி தெளிக்க வேண்டாம், ஏற்கெனவே நனைஞ்சுதான் இருக்குதுன்னான் அந்தக் கடைக்காரன். அது எனக்கும் அவருக்கும் உள்ளது. உங்க நோட்டுல ஏற வேண்டியதில்லை."

ஆறிப்போன டீயை மயிலாள் ஒரே மடக்கில் குடித்தாள். போய்ட்டு வாரனுங்க என்று கூடச் சொல்லாமல் பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தாள்.

அடுத்த மூன்று நாளும் வேலையில் அவள் கை ஓடவில்லை. அவள் மேசைக்குப் பக்கத்தில் ரிஜெக்ட் ஆன துணிகளின் குவியல் ஒன்று உண்டு. வாரம் ஒருமுறை அதை இன்னொருவர் மறுபடி பார்ப்பார். ஓட்டையை விட்டுவிடுவது மட்டும் தப்பில்லை, நல்ல பீஸைத் தூக்கி அந்தக் குவியலில் போடுவதும் தப்புதான். இருபத்துமூன்று வருடத்தில் அந்தக் குவியலிலிருந்து அவளிடம் நல்ல பீஸ் திரும்பி வந்தது இரண்டோ மூன்றோ தடவை. ஒவ்வொரு தடவையும் அன்று முழுக்க அவளுக்குச் சோறு இறங்கியதில்லை.

பெயரோடு பத்திரிகை அடித்தால் என்ன ஆகும் என்பதும் அவளுக்குத் தெரியும். பதினோரு வீடும் விலகி நிற்கும். மயிலாள் சாதாரண ஆளா, கேட்காமலா பெண்ணெடுத்திருப்பாள், உள்ளே என்னவோ இருக்கிறது என்று பேசுவார்கள். செத்துப்போன மாமனாரின் பேரும் அதில் சேர்த்து இழுபடும். அவளைப் பற்றி மற்றவர்கள் சந்தேகப்படுவது என்பது அவளுக்குப் பழக்கமில்லாத விஷயம். நாளைக்கு அவளே செத்து, வாசலில் வரிசை என்று ஒன்று இருந்தால் அதில் சிவபிரகாஷ் ஒருவன்தான் உட்கார்ந்திருப்பான்.

அவனோ வீட்டில் எதையும் கேட்கவில்லை. தினமும் தட்டைக் கழுவி வைத்தான். அதுதான் தாங்கவில்லை.

புதன்கிழமை மத்தியானம், கேண்டீன் சத்தத்திலிருந்து ஒதுங்கி மாடிப்படியில் நின்று போன் போட்டாள்.

"அண்ணா, மயிலாள் பேசறனுங்க."

 அந்தப் பக்கம் கம்பி சுற்றும் மிஷின் நிற்பது கேட்டது. கொழுந்தனார் என்று கூப்பிட்டிருந்தால் அவர் பங்காளி, எல்லாம் முடிந்தது. அண்ணன் என்றால் அவர் மகள் அவள் மகனுக்கு மாமன் மகள். கூப்பிட வேண்டிய முறையை அவள் மூன்று நாள் யோசித்துத்தான் எடுத்திருந்தாள். அது அவருக்கும் புரிந்திருக்க வேண்டும்.

"சொல்லுங்க அம்மிணி" என்றார் கடைசியில்.

"தை மாசத்துல வெச்சுக்கலாமுங்களா? பேரு இருக்கட்டுமுங்க."

"பெரியவரு?"

"அவரு வர மாட்டாரு. ஈரோட்டுப் பிரஸ்காரரு வருவாரு, பந்தி இருக்குதல்ல."

ஆறுச்சாமி சிரித்தது கேட்டது. அது எதற்கு என்று அவள் யோசிக்க ஆரம்பித்து, பிறகு விட்டுவிட்டாள். அன்றைக்கு வாசலில் செய்ததைப் பற்றி ஏதாவது சொல்ல நினைத்தாள். வரவில்லை. "வெச்சர்றனுங்ணா" என்று வைத்துவிட்டாள்.

மார்கழி முதல் வாரத்தில் சிவபிரகாஷ் பத்திரிகையின் புரூஃப் கொண்டுவந்தான். மயிலாள் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ட்யூப்லைட்டுக்குக் கீழே போய் நின்றாள். மாப்பிள்ளை வீட்டுப் பக்கத்தில் எட்டுக்கல் குமாரசாமி என்று இருந்தது. பெண் வீட்டுப் பக்கத்தில், குண்டடம் ஆறுச்சாமி என்று மட்டும் இருந்தது.

"இதென்ன?"

"நாந்தாம்மா எடுக்கச் சொன்னேன். எதுக்கு வம்பு, பங்காளிங்கள்ல நாலு பேராவது வரட்டும்னு. குண்டடத்து மாமாகிட்டப் பேசிக்கலாம்."

மயிலாள் கைப்பையைத் திறந்தாள். ஸ்டிக்கர் சுருளிலிருந்து ஒன்றைப் பிய்த்து, ஆறுச்சாமியின் பெயருக்கு முன்னால் இருந்த வெற்றிடத்தில் அம்பு சரியாக அந்த இடத்தைக் காட்டும்படி அழுத்தி ஒட்டினாள்.

"இங்க ஒண்ணு உட்டுப் போயிருக்குது. போட்டு வாங்கிட்டு வா, சாமி."

அவன் போன பிறகு காலண்டரை எடுத்து வைத்துக்கொண்டு, முகூர்த்த நேரம் சரிதானா என்று இன்னொரு தடவை பார்த்தாள்.